புருஸ்கெட்டாவில் தக்காளி விருந்தாளிதான்

செங்காங்கில் உங்கள் வீட்டில் மகளின் பிறந்தநாளுக்கு, வாட்டிய ரொட்டியில் செய்யும் இத்தாலியப் பண்டமான புருஸ்கெட்டாவை நாற்பது துண்டு செய்து வைத்ததாகவும், ஆட்கள் வந்து சேர்வதற்குள் ரொட்டியெல்லாம் ஊறிக் கொழகொழத்துப் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தக்காளியில் ருசியே இல்லை, அதில் போடும் பேசில் இலை கிடைக்காமல் சாமி மாடத்துத் துளசியைக் கிள்ளிப் போட்டதில் கஷாய வாடை வந்துவிட்டது என்கிறீர்கள். எங்கே தவறு நடந்தது, சிங்கப்பூரில் கிடைக்கும் பொருள்களை வைத்து இதைச் சரியாகச் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாக முடியும். ஏழு ஆண்டுகள் இங்கே ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் ரொட்டி வாட்டுவதும் தக்காளி நறுக்குவதும்தான் என் பொறுப்பு. எங்கள் தலைமைச் சமையற்காரர் ரோம் பக்கத்துக்காரர். அவர் முதல் நாள் என் கையில் தக்காளியைத் தரவில்லை. ஒரு துண்டு ரொட்டியை வாட்டி, பூண்டைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவித் தந்தார். “இதுதான் புருஸ்கெட்டா. இது நன்றாக இல்லாவிட்டால் மேலே எதை வைத்தாலும் நன்றாக இருக்காது” என்றார். உங்கள் மூன்று குறைகளுக்கும் பதில் அந்தத் துண்டில் இருக்கிறது. இது ரொட்டியும் எண்ணெயும் சேர்ந்த பண்டம். தக்காளி விருந்தாளி, கடைசியில் வந்தால் போதும். அதை முன்கூட்டியே கொண்டுவந்து உட்கார வைத்ததால்தான் உங்கள் ரொட்டி ஊறியது.

பெயரே இதைத்தான் சொல்கிறது. ரோம் வட்டாரப் பேச்சில் ‘புருஸ்காரே’ என்றால் தணலில் வாட்டுவது. (இங்கே பலர் ‘புருஷெட்டா’ என்கிறார்கள். இத்தாலிய மொழியில் அந்த இடத்தில் ‘க’ ஓசைதான் வரும். புருஸ்கெட்டா என்பதே சரி.) மத்திய இத்தாலியில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஆலிவ் அறுவடைக் காலம். செக்கில் ஆட்டிய புது எண்ணெயின் ருசியைப் பார்க்க ஒரு துண்டு ரொட்டியை வாட்டி அதன்மேல் ஊற்றித் தின்பது அங்கே பழைய வழக்கம். டஸ்கனியில் இதற்கு ‘ஃபெத்தூந்தா’ என்று பெயர், எண்ணெயில் தோய்ந்த துண்டு என்று பொருள். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதே 16ஆம் நூற்றாண்டில்தான். நம் ரசத்துக்கு அது எப்படிப் பின்னால் வந்து சேர்ந்ததோ, இதற்கும் அப்படித்தான்.

சரி, ரொட்டிக்கு வருவோம். சாண்ட்விச்சுக்கு வாங்கும் மெத்தென்ற வெட்டு ரொட்டி இதற்கு ஆகாது. அதில் பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்திருக்கும், உள்ளே பஞ்சு போலச் சின்னச் சின்னத் துளைகள். சீக்கிரம் சிவந்துவிடும், நடுவில் மட்டும் மெத்தென்றே இருக்கும், ஈரம் பட்டவுடன் உட்கார்ந்துவிடும். கோப்பிக்கடையில் காயா என்ற தேங்காய்ப்பால், முட்டைப் பாகு தடவித் தரும் ரொட்டி எனக்கு உயிர். ஆனால் அதன் வேலை காயாவையும் வெண்ணெயையும் தாங்குவது. தக்காளிச் சாற்றைத் தாங்காது. உங்களுக்கு வேண்டியது தோல் கெட்டியாக, உள்ளே பெரிய பெரிய துளைகளோடு, மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் இல்லாத ரொட்டி. பேரங்காடிகளின் பேக்கரிப் பகுதியில் கிடைக்கும், புளித்த மாவில் செய்யும் சவர்டோ ரொட்டி முதல் தரம். சியபட்டாவும் நல்லதுதான். பழங்கால ரொட்டி என்று பலர் நினைக்கும் சியபட்டா 1982இல்தான் இத்தாலியின் வெனேத்தோ பகுதியில் பிறந்தது. இரண்டும் கிடைக்காவிட்டால் பிரெஞ்சு நீள ரொட்டியைச் சாய்வாக வெட்டிக்கொள்ளலாம். கனம் ஒன்றரை சென்டிமீட்டர். அதைவிட மெல்லியதாக வெட்டினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும், தடிமனாக வெட்டினால் வாயைப் பிளக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் பழைய ரொட்டி இன்னும் நல்லது, ஈரம் குறைந்திருக்கும். ஆனால் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்துக்கு மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிடுகிறது. அதற்காக ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். ரொட்டி பழசாவது வெறுமனே காய்ந்துபோவதால் மட்டும் நடப்பதில்லை. வெந்த மாவுச்சத்து மறுபடியும் இறுகுவதுதான் முக்கியக் காரணம், ஃபிரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். வாங்கி வந்த அன்றே துண்டு போட்டு, உறையில் காற்றில்லாமல் கட்டி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது எடுத்து நேராக அடுப்பில் வாட்டலாம். உருகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாட்டுவதற்குத் தனிச் சாதனம் எதுவும் வேண்டாம். வீட்டில் இரும்புத் தோசைக்கல் இருக்கிறதல்லவா, அதைக் காயவைத்து, எண்ணெய் தடவாமல் துண்டுகளைப் போடுங்கள். மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம். கரண்டியால் அழுத்தக் கூடாது, அழுத்தினால் துளைகள் மூடிவிடும். அப்பளம் சுடும் கம்பி வலை இருந்தால் அதைக் கேஸ் அடுப்பின் மேல் வைத்து வாட்டுவது இன்னும் ருசி. ஓரங்கள் ஆங்காங்கே கருகட்டும், அந்தக் கருகல் வாசம் வேண்டும். ரொட்டியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. ஈரம் போய் 140 டிகிரி வாக்கில் வந்தபிறகுதான் மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவந்து அந்த மணத்தைத் தருகின்றன. அதனால் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி, உள்ளே ஈரமாகவே நின்றுவிடும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். வாட்டிய ரொட்டியைச் சூட்டோடு தட்டில் படுக்க வைக்கிறார்கள். உள்ளிருந்து வரும் ஆவி தட்டில் பட்டு, அடிப்பக்கம் நனைந்துபோகும். தக்காளி வருவதற்கு முன்பே பாதி ரொட்டி கெட்டுவிடுகிறது. எடுத்தவுடன் கம்பித் தட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று சாய்த்துக் கூடாரம் மாதிரி நிறுத்துங்கள். ஒரு நிமிடம் போதும்.

அந்த ஒரு நிமிடம் ஆனதும் பூண்டு. ஒரு பல்லைத் தோலுரித்துக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை ரொட்டியின் மேல் தேய்க்க வேண்டும். முறுகிய ரொட்டி துருவி மாதிரி. கரகரவென்று சத்தம் கேட்கும், பூண்டுப் பல் கண்ணெதிரே தேய்ந்து சிறுத்துவரும், சூட்டில் வாசம் மேலே எழும். பூண்டின் காரம் பல் நசுங்கும்போதுதான் உண்டாகிறது. முழுப் பல்லாக இருக்கும்போது அதில் அந்தக் காரம் கிடையாது. அதனால் எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறீர்களோ அவ்வளவு காரம். குழந்தைகளுக்கு இரண்டு தடவை தேய்த்தால் போதும். பெரியவர்களுக்கு நான்கைந்து. பச்சைப் பூண்டைப் பொடியாக நறுக்கித் தக்காளியில் கலப்பதை நான் விரும்புவதில்லை. நேரம் போகப் போகக் காரம் ஏறித் தக்காளியை மூழ்கடித்துவிடும்.

அப்புறம் எண்ணெய். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். ‘பியூர்’, ‘லைட்’ என்று இருப்பவை சுத்திகரித்த எண்ணெய் கலந்தவை, வறுக்கப் பொரிக்கச் சரி, இதற்கு உதவாது. ‘லைட்’ என்றால் கொழுப்புக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. குறைந்திருப்பது நிறமும் மணமும்தான். முஸ்தபா கடையிலும் பேரங்காடிகளிலும் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும்போது எதை எடுப்பது என்று திகைப்பாக இருக்கும். இருண்ட நிறப் புட்டியாக எடுங்கள். அறுவடை மாதமோ ஆண்டோ அச்சிட்டிருந்தால் மிகப் புதியதாகப் பாருங்கள். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் இந்த எண்ணெய்க்கு ஆகாதவை. அதனால் பெரிய டின் வேண்டாம், அரை லிட்டர் புட்டி போதும். நம் வீட்டுச் சமையலறைச் சூட்டில் அடுப்பருகே வைக்காமல் அலமாரிக்குள் வைத்து இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நல்ல எண்ணெயா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தேக்கரண்டி எண்ணெயை அப்படியே வாயில் விட்டு மெதுவாக விழுங்குங்கள். பச்சைப் புல், பச்சை மாங்காய் போன்ற வாசம் வந்து, சற்றுநேரத்தில் தொண்டையில் மிளகு கடித்த மாதிரி ஒரு காரல் வந்தால் நல்ல எண்ணெய். இருமல்கூட வரும். அந்தக் காரலுக்குக் காரணம் ஓலியோகாந்தல் என்ற பொருள். 2005இல் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியபோது, ஐபுப்ரோஃபென் மாத்திரை தொண்டையில் தரும் அதே எரிச்சலைத்தான் இதுவும் தருகிறது, வீக்கத்தைக் குறைப்பதிலும் அதைப் போலவே வேலை செய்கிறது என்று கண்டிருந்தார்கள். நல்லெண்ணெய் வாங்கும்போது என் அத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். அதே அக்கறை இதற்கும் தேவை. காறலடித்த, பழைய நிலக்கடலை வாசம் வந்தால் அந்தப் புட்டியைச் சமையலுக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

துண்டுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெய் தாராளமாக ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புத் தூவுங்கள். எண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லை. ரொட்டியின் மேல் படலமாகப் படர்ந்து தக்காளிச் சாறு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். நீங்கள் எண்ணெயைத் தக்காளியோடு கலந்து வைத்திருந்தீர்கள், ரொட்டி வறண்டு கிடந்தது. வறண்ட ரொட்டி வந்த சாற்றையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது.

இனி தக்காளி. இங்கே கிடைக்கும் தக்காளியில் பெரும்பகுதி மலேசியாவின் கேமரன் மலைப் பக்கமிருந்து வருகிறது. பயணத்தில் நசுங்காமலிருக்க முழுதாகப் பழுப்பதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். வாங்கிய கையோடு ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது அங்கேயே நின்றுபோகும். 12 டிகிரிக்குக் கீழே போனால் வாசம் உண்டாக்கும் வேலையைத் தக்காளி குறைத்துக்கொள்கிறது. உங்களுக்கு ருசியில்லாமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஈரச்சந்தையில் வாங்கி வந்து, கூடையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வெளியிலேயே வையுங்கள். காம்பருகே முகர்ந்தால் தக்காளிச் செடியின் வாசம் வரவேண்டும். நாளில்லை, இன்றைக்கே வேண்டும் என்றால் செர்ரித் தக்காளி வாங்குங்கள். அதில் இனிப்பு கூடுதல், நம் ஊரில் ஆண்டு முழுவதும் நம்பி வாங்கக்கூடியது அதுதான்.

பல செய்முறைகளில் விதையை வழித்து எறியச் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. தக்காளியின் உமாமிச் சுவை, அதாவது அந்த நாக்கில் நிற்கும் ருசி, சதையைவிட விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பில்தான் மிகுதி. 2007இல் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வு அதை அளந்தே காட்டியது. வழித்து எறிந்தால் ருசியையே எறிகிறோம். நான் செய்வது இப்படி: நால்வருக்கு எட்டுத் துண்டு ரொட்டி என்றால் நானூறு கிராம் தக்காளி. ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். ரொட்டி வெட்டும் பல் கத்தி இருந்தால் தோல் நழுவாமல் வெட்டும். அரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்துப் பிசையாமல் புரட்டி, ஒரு வடிகட்டியில் போட்டுக் கீழே கிண்ணம் வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும். கிண்ணத்தில் வெளிர் சிவப்பாக இரண்டு மூன்று மேசைக்கரண்டிச் சாறு சேரும். தக்காளியின் ருசி சுண்டிக் கெட்டிப்படும், ரொட்டியை நனைக்கும் நீர் கீழே இறங்கிவிடும்.

அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கரண்டியைத் தக்காளியிலேயே திரும்பக் கலக்கலாம். மீதியை நான் அன்றைய ரசத்தில் ஊற்றிவிடுவேன். உப்பு மட்டும் பார்த்துப் போட வேண்டும்.

துளசி விஷயம். அது உங்கள் பிழையில்லை, பெயர்க் குழப்பம். பேசிலும் துளசியும் ஒரே குடும்பத்துச் செடிகள்தான், ஆனால் ஒன்றல்ல. துளசியில் கிராம்பின் மணம் தரும் யூஜெனால் மிகுதி, கஷாய வாடை அங்கிருந்து வந்தது. பேசிலுக்கு நெருங்கிய உறவு நம் திருநீற்றுப் பச்சிலை. சொல்லப்போனால் இரண்டும் ஒரே இனம். ஃபலூதாவில் மிதக்குமே சப்ஜா விதை, அது அந்தச் செடியின் விதை. இலையின் மணம் வகைக்கு வகை மாறும். இத்தாலிய வகை இனிப்பான மணம், தாய்லாந்து வகை சோம்பு வாசம். தாய் பேசிலை அவசரத்துக்குப் பாதியளவு போடலாம். துளசி வேண்டாம், அது மாடத்திலேயே இருக்கட்டும்.

பேரங்காடியில் வாங்கிய பேசில் கொத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே கறுத்துவிடும். பூங்கொத்து மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திச் சமையலறை மேடையில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் சில தண்டுகள் வேர்விடும். அவற்றைத் தொட்டியில் நட்டு, வெயில் விழும் தாழ்வாரத்தில் வைத்தால் மறுமுறை வாங்க வேண்டியிருக்காது. பூ வரத் தொடங்கினால் கிள்ளிவிடுங்கள், பூத்தால் இலை சிறுத்து மணம் மாறும். போடும்போது கத்தியைத் தொடாமல் கையால் இரண்டாகக் கிழித்து, பரிமாறும் நேரத்தில் தக்காளியில் கலக்கவும். எட்டுப் பத்து இலை போதும். கூடவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். புளிப்புக் குறைவாகத் தெரிந்தால் மட்டும் சில சொட்டு வினிகர். மேலே கறுப்பு பால்சாமிக் வினிகர்ப் பாகைக் கோடு போட்டு ஊற்றுவது உணவகத்து அலங்காரம். நல்ல தக்காளி இருக்கும்போது எனக்கு அது இடைஞ்சல்.

நாற்பது துண்டு வேண்டிய விருந்துக்குத் தோசைக்கல் தாங்காது. ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கி, கம்பித் தட்டில் அடுக்கி ஆறு முதல் எட்டு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பூண்டும் எண்ணெயும் நீங்களே தடவிவிடுங்கள். தக்காளியைத் தனிக் கிண்ணத்தில் கரண்டியோடு வையுங்கள், அவரவர் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. எண்ணெய் தடவிய ரொட்டி அரைமணி நேரம் முறுகலாக நிற்கும். தக்காளி ஏறியபின் ஐந்து நிமிடம்தான். நறுக்கிய தக்காளிக் கலவையை நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப் போட்டு வெளியில் வைக்கும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது. செய்யாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், இந்த வெப்பத்தில், பாட்டுலிசம் என்ற கடும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். வாசத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: அடிப்படைப் புருஸ்கெட்டாவில் பால் பொருள்கூடக் கிடையாது. ஆனால் மேலே துருவிப் போடும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைப்பது. வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. கறிவேப்பிலை தாளித்துப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறு பண்டம். முதல் முறை அப்படியே செய்து பாருங்கள். வேகவைத்த வெள்ளைக் காராமணியை மசித்து எண்ணெயும் மிளகும் சேர்த்து வைத்தால் டஸ்கனிப் பக்கத்து ருசிக்கு அருகில் வரும்.

கடைசியாக ஒன்று. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் முன்பதிவு செய்து பார்பிக்யூ அடுப்பு எடுப்பவர்கள் என்றால், கோழியும் சாத்தேயும் முடிந்தபின் கரியை அணைத்துவிடாதீர்கள். சாம்பல் பூத்த அந்தத் தணல்தான் இதற்கு ஏற்றது. சென்ற டிசம்பரில் அண்ணன் குடும்பத்தோடு போனபோது கம்பியைத் துடைத்து ரொட்டியை வைத்தேன். ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை, புகை வாசம் ஏறிவிட்டது. தக்காளியை மூடி வைத்துவிட்டு முதல் சுற்றுக்குப் பூண்டும் எண்ணெயும் உப்பும் மட்டும் கொடுத்தேன். கொழுப்பும் காரமும் சாப்பிட்டுக் களைத்திருந்த அண்ணி இரண்டாவது துண்டைக் கேட்டார். பிறகு தக்காளிக் கிண்ணத்தைத் திறந்து காட்டியபோது, “இருக்கட்டும் தங்கச்சி, எனக்கு இன்னொன்று இதேபோலத் தா” என்றார்.